நோபேட் போட்ட நெட்வேர்க்

"ஒவ்வொரு மெஷினுக்கும் நம்பர் கையால குடுக்கத் தேவையில்ல சேர். வயரைக் கொழுவின உடன இது தானாவே குடுத்திடும்," என்றான் நோபேட்.

பௌஸி சேருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த அலுவலகத்தின் ஏழு கம்பியூட்டர்களும் மூன்று மாதமாக ஒன்றோடொன்று கதைக்காமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிடந்தன.

"ஆரு, எங்க ஈந்து வந்த எண்டு ஒண்டும் கேக்காதா?"

"கேக்காது சேர். வந்தவுடன ஒரு விலாசம் குடுக்கும்."

"அட, கொழும்புல இப்பிடியும் ஒரு சாமானா!"

யுத்தம் நடந்த காலம் அல்லவா! வெள்ளவத்தையில் தமிழன் ஒருவன் அறை எடுக்கப் போனால் ஆயிரம் கேள்வி. கம்பியூட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை, கொடுத்து வைத்த பிறவி.

நோபேட்டின் விரல்கள் பறந்தன. மறுநாள் ஞாயிறு, கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை. பொழுதுபட முன்னர் வேலையை முடித்துவிட்டு எப்படியாவது வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். மனைவி ஐறீன் தனியாளாகக் கிடந்து மாய்வாள், பாவம்.

"இது என்னத்துக்கு?"

"டி.என்.எஸ். சேர். பேரைச் சொன்னா நம்பரைத் தேடிக் குடுக்கும்."

ஐந்து மணிக்கு ஏழு மெஷினும் ஒன்றாக உயிர்பெற்றன. பிரிண்டர்கூட மறுபேச்சில்லாமல் கடதாசியைத் துப்பியது.

"மாஷா அல்லாஹ்! பெரிய கெட்டிக்காரன்தான் நீங்க. வேற ஆரும் வந்து கொழப்பினா?"

நோபேட்டுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடாமலிருக்க எல்லா டெக்னீஷியன்மாரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். அதைச் சொல்லாமல் வாய் சும்மா இருக்குமா?

"பாஸ்வேர்ட் என்ர மண்டைக்குள்ள சேர். என்னைத் தவிர வேற ஒருத்தனாலயும் இதில கை வைக்கேலாது! பெரியவரிட்ட என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ."

பௌஸி சேர் உள்ளே போய், ஒரு சொல் பிசகாமல் அதைச் சிங்களத்தில் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"பெரியவருக்கு சரியான சந்தோசம். ஆனா, ஒங்கள உட்டா நெட்வேர்க்க ஆரு பாக்கிற எண்டு கேக்கிறார்," என்றபடி சாவிக்கொத்தை எடுத்தவர், செவ்வாய்க்கிழமைச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மற்றப் பன்னிரண்டு பேரையும் பொலிஸ் கூண்டிலிருந்து வெளியே விட்டு, நோபேட்டை மட்டும் மறுபடி உள்ளே அனுப்பிப் பூட்டினார்.