ஒன்பதரை மதிப்பெண்

ஆளுயர ஸ்பீக்கர்களைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் பூங்கொடிக்கு வேலை. இப்போது வருகிறவை எதிரே உட்காருபவரின் காதை அளந்து, அந்தக் காதுக்கு எது குறைகிறதோ அதைக் கூட்டிப் பாடும். நான்கு வருடமாக எதைக் கேட்டாலும் துல்லியம்தான். எல்லாவற்றுக்கும் ஒன்பதரை போட்டாள்.

அன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, காதை அளக்கத் தெரியாத பழைய ஜோடி ஒன்றை மெக்கானிக் ஃபெலிக்ஸ் மாட்டினார். வீணைப் பதிவு ஓடியது. பத்து நொடியில் அவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"ரெண்டுலயும் ட்வீட்டர் செத்துப்போச்சுங்க. உச்ச ஸ்தாயியே வரல. கழட்டி மாத்திருங்க."

ஃபெலிக்ஸ் இரண்டு ஸ்பீக்கர்களின் உச்சியிலும் மேல் ஸ்வரங்களைப் பாடும் அந்தச் சின்ன ட்வீட்டர்களில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தானுங்க மேடம் பாடுது."

பூங்கொடி ஒரு ட்வீட்டரை விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். அது துடித்துக்கொண்டிருந்தது.

அவள் கணவர் கனகசபை கோயிலில் தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர். "உங்க குரல்ல தெளிவே போயிருச்சு, வெறும் முனகல்தான் கேக்குது" என்று மூன்று வருடத்துக்கு முன்னால் அவள்தான் சொன்னாள். ஊரே நன்றாக இருக்கிறது என்றபோதும் அவர் நம்பியது அவள் காதைத்தான். பாடுவதை நிறுத்தினார். பிறகு வீட்டில் பேசுவதையும் விட்டு, எதுவானாலும் ஃபோனில் எழுதி அனுப்பப் பழகிக்கொண்டார்.

இப்போதும் ஒன்று வந்திருந்தது. 'சாப்பிட வர்றியா?'

அவள் அவரை அழைத்தாள். மணி அடித்தது. துண்டித்துவிட்டு, எழுதி அனுப்பினார்.

'எழுதியே கேளு புள்ள. என் குரல்தான் போயிருச்சே.'