பச்சைச் சில்லு

பழைய டர்போ காரின் முகப்பில் பொருத்த, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் கச்சிதமான இன்டர்கூலர் தேடி நாயாய் அலைந்த செல்வினுக்கு, விபத்தில் நசுங்கிய இன்னொரு காரிலிருந்து கழற்றியதுதான் கிடைத்தது. அதன் மெல்லிய தகடுகளுக்கு இடையே ஒட்டியிருந்த செத்த பூச்சிகளை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு தட்டுப்பட்டது. எவ்வளவு நெம்பியும் அது வரவில்லை.

“அந்த வண்டி எதுல மோதுச்சு பாய்?”

“கேக்கல சார். கேட்டா எந்தச் சாமானையும் வாங்க முடியாது” என்றார் மெக்கானிக் ஜக்கரியா.

செல்வின் ஊசியைக் கீழே வைத்தான். “இந்தப் பக்கம் உள்ளே போற மாதிரி திருப்பி மாட்டலாமா?”

ஜக்கரியா குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார்.

“இப்படியே மாட்டினா ரோட்டைப் பாக்கும். திருப்பினா உங்களைப் பாக்கும். எப்படி மாட்டட்டும் சார்?”