வெள்ளையாக விட்ட இடம்

“உன் மூஞ்சிக்கு ஆத்தங்கரையில பட்டறை ஒரு கேடா?”

ஆற்று நீரைச் சோதிக்கும் அதிகாரி போட்ட கூச்சலில், முலாம் பூசும் பட்டறைக்காரர் நீட்டிய மனுவை மடக்கிக்கொண்டார். பட்டறைக்குச் சீல் வைத்து மூன்று மாதமாகிறது. இன்றும் தண்ணீரில் குரோமியம் இருந்தால் உரிமம் அடியோடு ரத்து. அங்கே வேலை பார்த்த ஏழு பேரின் பிழைப்பும் அதோடு போய்விடும்.

“பூட்டின பட்டறையிலேருந்து குரோமியம் எப்படி சார் வரும்?”

“குரோமியத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? தினம் குரோமியம் கலந்த மருந்தை ஊத்தித்தான்யா நான் தண்ணியில அழுக்குப் பாக்கறேன்!”

சுவரில் கரையோர நிலங்களின் வரைபடம் தொங்கியது. வயலுக்குப் பச்சை, வீடுகளுக்கு மஞ்சள், பட்டறைக்குச் சிவப்பு என்று அதிகாரியே உட்கார்ந்து தீட்டியது. தன் அலுவலகம் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார். அழுக்கெல்லாம் அடுத்தவனிடம்தான் இருக்கும் என்பது அவர் படித்த படிப்பு.

“முன்னே மாசம் ஒரு தடவை சோதிச்சேன். சீல் வச்சப்புறம் தினமும் இருபது பாட்டில் சோதிக்கறேன். அளவு குறையலையே, இன்னிக்கு வரைக்கும் ஏறிக்கிட்டேல்ல போகுது! திருட்டுத்தனமா ஓட்டறே.”

“சத்தியமா இல்ல சார். புதருக்குள்ள ஒரு குழாய் ஆத்துல விழுது. அது எங்கேருந்து வருதுன்னு பாருங்க.”

“பாக்காம விடுவேனா? காலையிலேயே பிளம்பரை அனுப்பிட்டேன். குழாயோடவே தோண்டிக்கிட்டு வரான். உன் வாசல்ல வந்து நிப்பான் பாரு, அப்ப இருக்கு உனக்கு.”

பேசிக்கொண்டே அன்றைய சோதனைக் குழாய்களை சிங்க்கில் கவிழ்த்துக் கழுவினார். ஆரஞ்சு நிற மருந்து சுழன்று இறங்கியது. இந்த வேலையை உதவியாளரிடம்கூட விடமாட்டார். அடுத்தவர் கைச் சுத்தத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே ரத்து உத்தரவை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார். பட்டறைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழுது காரியம் சாதிக்கலாம்னு பாக்கறியா? ஆத்தை நாசம் பண்ணும்போது வரலையா இந்த அழுகை?”

அப்போது முழங்கால்வரை சேற்றோடு பிளம்பர் உள்ளே வந்தார்.

“ஏய், தரையெல்லாம் பாழாகுது! வெளியே நில்லுய்யா!”

பிளம்பர் நிற்கவில்லை. நேராக வந்து குனிந்து, சிங்க்குக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“சார், காலைக் கொஞ்சம் நகத்துங்க. அந்தக் குழாய் இங்கதான் வந்து நிக்குது.”