பதினோரு பேரும் எங்கே?

"உங்க பேச்சு ரொம்பத் தெளிவா இருக்கு சார். அதுதான் இடிக்குது."

கண்ணாடிக் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருந்த டியூஷன் வாத்தியார் திருதிருவென்று விழித்தார். இந்தக் காரணத்துக்காக அவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ரேங்க் வாங்கிய மாணவர்களின் படங்களை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, கண் பரிசோதிக்கும் நாற்காலியிலிருந்து இறங்கிப் போனார். கடைக்கு வருபவர்கள் உட்கார அந்த ஒரு நாற்காலிதான் இருந்தது.

"இவரோட அஞ்சு பேர் ஆச்சு" என்றாள் மனைவி, லென்ஸ்களைத் துடைத்தபடி. "நேத்து வந்தவர் லீவே போடமாட்டேன்னார். அவரையும் வேணாம்னுட்டீங்க."

"மனுஷன்னா நாலு நாள் லீவு போடணும்."

"அதுக்கு முந்தின நாள் வந்தவர்?"

"கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு. அப்படிப்பட்ட ஆளை நம்பக் கூடாது."

மனைவிக்குத் தெரியாதா என்ன, இவர் மனசில் ஓடுவது? மகள் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். தேறிவிட்டால் ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் இருக்கும் கல்லூரிக்குப் போய்விடுவாள். "ஒரே ஒரு தடவை எழுதுறேன்ப்பா. கிடைக்கலைன்னா உங்ககூடக் கடையில உக்காந்துக்கறேன்" என்று அவள் சொன்ன கையோடு, "வாத்தியாரை நானே பாத்து வைக்கிறேம்மா" என்று இவர் வாக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊரிலேயே மட்டமான வாத்தியாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒரே மகள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போகாதே என்று வாய்விட்டுச் சொல்லும் தைரியமும் இல்லை.

ஆறாவது வாத்தியார் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சட்டைப் பொத்தான்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார். கையில் சான்றிதழ் இல்லை, ஃபைல் இல்லை. பூப்போட்ட குடை ஒன்று மட்டும் இருந்தது.

"குடை உங்களுதா சார்?"

"இல்லைங்க. பஸ்ல மாறிடுச்சு."

கடைக்காரருக்குப் பாதி பிடித்துவிட்டது.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

"பதினோரு பேருங்க."

"அதுல யார்கிட்டயாவது பேசிப் பாக்கலாமா?"

"கஷ்டங்க. ஒருத்தர்கூட இப்ப ஊர்ல இல்ல."

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியில் தலைகாட்ட முடியாமல் ஊரைவிட்டே போய்விட்டார்களோ?

"சரி, ரெண்டாவது தடவை எழுதுறதுக்காக உங்ககிட்டயே திரும்பி வந்தவங்க?"

"அப்படி யாரும் வந்ததே இல்லைங்க."

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றுவிட்டது.

"பெத்தவங்க உங்களைப் பத்தி என்ன சொல்றாங்க?"

வாத்தியார் தயங்கினார். பொய் சொல்ல வராத மனிதர் என்பது பார்த்தாலே தெரிந்தது. "என்னை ரோட்டுல பாத்தாலே கண் கலங்கிடுவாங்க. ஒரு அம்மா, 'உங்ககிட்ட அனுப்பினதே தப்பு'ன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க."

"அடடா. நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்றது? என் ராசி அப்படி."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "நாளையிலேர்ந்தே வந்துடுங்க சார்" என்று கடைக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

வாத்தியார் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து மனைவி கேட்டாள். "ஏங்க, புள்ள பாவம் இல்லையா?"

"அவளைக் கிணத்துலயா தள்ளுறேன்? நம்ம கடையிலதானே உக்காரப் போறா."

மூன்று மாதம் மாடி அறையில் பாடம் நடந்தது. கடைக்காரர் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி படியேறி ஒட்டுக்கேட்டார். பாதி நேரம் சத்தமே இருக்காது. மீதி நேரம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தபோது மகள் தானாக ஏதோ எழுதிக்கொண்டிருக்க, வாத்தியார் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அன்று கடைக்காரருக்கு நல்ல பசி எடுத்தது.

மறுநாளே கடைக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கினார். சாய்ந்துகொள்ள மெத்தை வைத்தது. மகளின் உயரத்துக்கு அதைத் தானே ஏற்றி இறக்கிச் சரிசெய்து, கல்லாப் பக்கம் போட்டு, மேலே துணி போட்டு மூடி வைத்தார்.

தேர்வு முடிவு வந்த அன்று வாத்தியாரும் கடைக்கு வந்து, பூப்போட்ட குடையோடு ஓரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வந்ததும் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கடைக்காரர் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார். "அழாதேம்மா. ஒரு பரீட்சையோட உலகம் முடிஞ்சா போச்சு? கடை இருக்கு, அப்பா இருக்கேன். இங்க பாரு, உனக்குன்னு நாற்காலிகூட வாங்கிட்டேன்."

துணியை விலக்கிக் காட்டினார்.

மகள் நாற்காலியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அழுகை இன்னும் கூடிவிட்டது. "அப்பா, முதல் லிஸ்ட்லயே என் பேர் வந்துருச்சுப்பா. பத்து நாள்ல கிளம்பணும்."

ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்ப்பவருக்கு எதிரே இருந்த எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாத்தியாரைத் தேடினார்.

"உங்ககிட்ட அனுப்பினதே தப்பு சார்" என்றார்.

வாத்தியாருக்கு அது பழகிப்போன பேச்சு. "எல்லாப் பெத்தவங்களும் கடைசியில இதையேதாங்க சொல்றாங்க. ஒருத்தர்கூட ஊர்ல இல்லன்னு முதல் நாளே சொன்னேனே. பதினோரு பேருக்கும் முதல் தடவையே சீட் கிடைச்சிருச்சு."