அரசுத் தரப்பு

செல்போனுக்குள் நீதிபதி ஒரு தடவை இருமிவிட்டு, அரசுத் தரப்பு வாதத்தைத் தொடங்கலாம் என்றார்.

தேவிப்ரியா எழுந்து நின்றாள்.

வெள்ளைச் சுடிதார், மேலே கறுப்புக் கோட்டு. ஆரணியில், தன் வீட்டு நடு அறையில், ஸ்டூல் மேல் ஸ்பீக்கர் போட்டு வைத்த போனுக்கு முன்னால்தான் இந்தக் கோலம். யார் பார்க்கப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. மாதிரி நீதிமன்றம் என்றால் கோட்டு போட்டு, நின்றுகொண்டுதான் பேச வேண்டும். போனில் என்றாலும் அவரவர் மனசாட்சிப்படி, என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து சட்டக் கல்லூரியைப் பூட்டி இருபத்தைந்து நாள் ஆகிறது. விடுதியை ஒரே நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கப்புறம் பாடமெல்லாம் மெயிலில் வந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய் அச்செடுத்துப் படிக்க வேண்டியதுதான். காலை ஒன்பது மணிக்குள் வரிசை எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அன்றைக்கு வருகைப் பதிவு. தேவிப்ரியா ஒரே ஒரு நாள்தான் தவறவிட்டாள்.

நீதிபதி வேறு யாருமில்லை, விரிவுரையாளர் பரசுராமன். மனுதாரர் தரப்பில் பேசுகிறவன் வகுப்புத் தோழன் நேமிகுமார். தெள்ளார்ப் பக்கம் ஒரு கிராமத்தில், சிக்னலுக்காகக் கிணற்று மேட்டில் ஏறி நிற்கிறான், அவனும் கோட்டோடு. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் ஒரு மயில் கத்திக்கொண்டே இருந்தது.

வழக்கு இதுதான். காய்ச்சல் கண்டு தனி வார்டில் கிடக்கும் கணவனைப் பார்க்க விடவில்லை என்று கற்பகம் என்றொரு பெண் மனுப் போட்டிருக்கிறாள். அந்தப் பெண் கற்பனை. அரசின் சுற்றறிக்கை மட்டும் நிஜம். அந்த மாதம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போனது.

சீட்டுக் குலுக்கியதில் தேவிப்ரியாவுக்கு அரசுத் தரப்பு விழுந்தது. அன்றைக்கு வருத்தப்பட்டாள். இப்போது அந்த வருத்தம் இல்லை.

இந்த வழக்கில் அவள் தோற்கக் கூடாது. மதிப்பெண்ணுக்காக இல்லை. அரசு செய்தது சரிதான், வேறு வழியே இருந்திருக்காது என்று சட்டம் தெரிந்த ஒருவர் வாயால் அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது.

பின்வீட்டுப் பவர்லூம்காரரிடம் சொல்லியனுப்பியதும் மறுபேச்சில்லாமல் தறிகளை நிறுத்திவிட்டார். அம்மா ரேணுகாம்பாள் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்வழி வகுப்பு என்பதால் அவளுக்கும் எல்லாம் புரிந்தது.

தேவிப்ரியா நன்றாகப் பேசினாள். ஒரு மனைவியின் கண்ணீருக்கு இரங்கினால் தெருவுக்குத் தெரு பாடை கட்ட வேண்டி வரும் என்றாள். பார்வையாளர் எவருக்கும் அனுமதி இல்லை என்கிற முதல் பத்தியை வாசித்து, ‘எவருக்கும்’ என்பதை அழுத்திச் சொன்னாள். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கற்பகத்தின் மேல் அரசுக்கும் இரக்கம் உண்டு, ஆனால் சட்டம் இடம் தரவில்லை என்றாள்.

வேப்பமரம் கேள்வித்தாளில் இல்லையே என்றார் நீதிபதி. பாராட்டுகிற குரல்தான்.

நேமிகுமார் பதிலுக்கு ஒரே ஒரு பத்தியை வாசித்தான். சுற்றறிக்கையின் நான்காம் பக்கம். நோயாளி கவலைக்கிடமாக இருந்து, நெருங்கிய உறவினர் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால், முகமூடியும் கையுறையும் கொடுத்து ஒருவரை ஐந்து நிமிடம் உள்ளே அனுமதிக்கலாம்.

தேவிப்ரியாவிடம் நான்காம் பக்கம் இல்லை.

அச்செடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மூன்று பக்கம் கைக்கு வந்திருந்தது. மிச்சம் கையெழுத்தும் நகல் யார் யாருக்கு என்கிற பட்டியலுமாகத்தான் இருக்கும் என்று எழுந்து வந்துவிட்டாள்.

மனு அனுமதிக்கப்படுகிறது என்றார் நீதிபதி. அரசுத் தரப்புக்குப் பத்துக்கு எட்டு. வாதம் அருமை, ஆனால் ஆவணத்தைக் கடைசி வரிவரை படிக்க வேண்டும். இனிமேல் கோட்டைக் கழற்றலாம் என்று சிரித்தபடி போனை வைத்தார்.

பின்வீட்டில் தறி இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

“ஏம்மா தேவி, அன்னிக்கு நாம எழுதிக் குடுத்திருந்தா அப்பாவைப் பாக்க உட்டிருப்பாங்களா?”

அம்மா குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அதைத்தான் தேவிப்ரியாவால் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், வேலூரில், ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட அம்மாவை எழுப்பியது அவள்தான். பையிலிருந்த மூன்று பக்கங்களை எடுத்து முதல் பத்தியை வாசித்துக் காட்டினாள். சட்டம் படிக்கிறவள் சொல்கிறேன், எவ்வளவு நேரம் நின்றாலும் விட மாட்டார்கள் என்று கையைப் பிடித்து ஆரணி பஸ்ஸில் ஏற்றினாள். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

தேவிப்ரியா கோட்டைக் கழற்றாமலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த நாலாம் பக்கம் பரீட்சைக்காக சாரே சேத்து எழுதுனதும்மா. நெசத்துல அப்படி ஒண்ணும் கெடையாது.”

அம்மா மெல்லத் தலையாட்டினாள். அன்றைக்கு நம்பியதைப் போலவே இதையும் நம்பினாள்.