கோட்டு போட்ட சாமி

மேசைக்கு அடியில் என் கால் கட்டைவிரல்மேல் மனைவியின் செருப்பு ஏறியது. வாயை மூடு என்று அர்த்தம்.

நான் ஒன்றும் உளறிவிடவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே ஒழுங்காக நடக்கும் என்றுதான் சொன்னேன். அதற்கே ஒரு மிதி.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், நடுவில் கால் தரைக்கு எட்டாமல் ஆட்டிக்கொண்டு எங்கள் வாயாடி மகள். இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

படிப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொடாதே என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த குழாயைத் தொட்டேன். படிக்கத் தெரிந்தவன் எவனாவது தொடுவானா? உள்ளங்கையில் இன்னும் வழுவழுவென்று தழும்பு இருக்கிறது.

என் மனைவிக்கு வேறு பைத்தியம். சாமி கூடாது, டிவி கூடாது.

அவளுடைய அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அப்பாக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் வேண்டுதலுக்கு மேல் வேண்டுதலாக வைத்துக்கொண்டிருந்தாராம். அம்மா பிழைக்கவில்லை. அன்றோடு சாமிக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டிவியின் மேல் வெறுப்பு வந்ததும் அதே வீட்டில்தான். அம்மா போன பிறகு அந்த மனிதர் பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

எங்கள் வீட்டு டிவி நான் அடம்பிடித்து வாங்கியது. வேலைக்குப் போனால் நான் திரும்பிவரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். வீட்டில் இருக்கிற நாலு நாளில் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்ப்பேன். மேட்ச் முடிந்து செய்தி ஆரம்பித்தால் போதும், எங்கிருந்தோ வந்து பட்டென்று அணைத்துவிடுவாள். உலகத்தில் நடப்பதெல்லாம் நமக்கெதற்கு, சாப்பிட வாங்க என்பாள். அவளிடம் நான் ஜெயித்த நாள் கிடையாது.

இந்தத் தலைமை ஆசிரியைக்குப் பக்தி அதிகம், டிவி பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது என்று தெருவில் பேச்சு. அதனால் நேற்று முழுக்க வீட்டில் ஒத்திகை. டிவி பார்ப்பீர்களா என்று கேட்டால் மாட்டோம் என்று சொல்ல வேண்டும். நீங்க எப்போதோ பார்க்கிற மேட்ச் கணக்கில் வராது, அது பொய்யே இல்லை என்றாள் என் மனைவி. சாமி கும்பிடுவோம் என்றும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். பொய் சொல்லி வாங்குகிற இடம் நமக்கு வேண்டாம் என்று முடித்துவிட்டாள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாயாடியைப் பார்த்தார்.

"வீட்ல யாரு கண்ணு சாமி கும்பிடுவாங்க?"

போச்சு என்று நினைத்தேன்.

"அம்மா."

என் மனைவி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டாள். கட்டைவிரல் நசுங்கியது. சத்தியமாக நான் இல்லை.

"எந்த சாமி?"

"டிவி சாமி. கோட்டு போட்டிருக்கும்."

செருப்பு என் விரலை விட்டு இறங்கியது.

வாயாடிக்கு யாராவது காது கொடுத்தால் போதும். நாற்காலியில் ஏறி நின்றுவிட்டாள். சாமிக்குப் பின்னால் நீலக் கலரில் பெரிதாகத் தண்ணீர் இருக்குமாம். அதில் வெள்ளையாக ஒன்று சுற்றிக்கொண்டே வருமாம். சாமி அதைக் கையால் காட்டிக் காட்டிப் பேசுமாம். அம்மா டிவிக்குக் கிட்டே போய் நின்று கும்பிடுவாளாம். கண்ணை மட்டும் மூடவே மாட்டாளாம்.

"அந்த வெள்ளைகிட்ட, 'இங்க வராத, அப்படியே அந்தப் பக்கம் போயிடு'ன்னு அம்மா சொல்லுவாங்க" என்று கைகூப்பிக் காட்டினாள்.

தலைமை ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்பாவும் கும்பிடுவாரா என்று கேட்டார்.

"அப்பா வீட்ல இருந்தா அம்மா சாமிய ஆஃப் பண்ணிடுவாங்க."

எத்தனையோ பேரோடு வாதாடி அவர்கள் வாயை அடைத்தவள் என் மனைவி. இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மேசை விளிம்பையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியையின் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மீன்பிடிக் கப்பல்ல மேடம். இஞ்சின் ரூம்."

சொல்லி முடித்த பிறகுதான், செய்தியின் கடைசியில் புயல் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வருவாரே, அந்தக் கோட்டுக்காரர் எனக்கு நினைவு வந்தார்.

தலைமை ஆசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேறு எதையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை சீருடைக்கு அளவெடுக்கப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்.

தெருவில் வாயாடி எங்களுக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனாள். இடம் கிடைத்ததற்கு நான்தான் ஆட்டம் போட்டிருக்க வேண்டும். போடத் தோன்றவில்லை. கடைத்தெரு திரும்பியதும் என் மனைவி வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மழை வருமான்னுதான் பாத்தேன்" என்றாள் பிறகு. "துணி காயப் போடணுமில்ல."

நாளை விடியற்காலையில் எங்கள் கப்பல் கிளம்புகிறது. அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது. துணியைப் பற்றி நாக்கு நுனிவரை வந்த கிண்டலை விழுங்கிவிட்டு, தழும்பு இருந்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை யாரும் என் காலை மிதிக்கவில்லை.