டிராம் சத்தம்

“கட்! டிராம் சத்தம் விழுந்துடுச்சு. மறுபடி எடுக்கணும்” என்று கையைத் தூக்கினாள் இலிங்கா.

இது எட்டாவது தடவை.

சொரினா கையிலிருந்த வசனத் தாள்களைத் தரையில் வீசினாள். “ஏண்டி, எங்க யாருக்கும் கேக்காத டிராம் உனக்கு மட்டும் எப்படிடி கேக்குது?”

“ஹெட்போன்ல கேக்குதே. நான் என்ன பண்ணட்டும்?”

எங்கள் ஊரான டிமிஷ்வாராவில் எந்தத் தெருவில் நின்றாலும் இரண்டு தெரு தள்ளி ஒரு டிராம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மறுத்துப் பேச வழியில்லை.

எங்கள் கல்லூரியில் சினிமா பாடத்தை எந்தத் துறைக்காரரும் படிக்கலாம். ஒரே நிபந்தனை, ஒரு குழுவில் ஒரே துறை ஆட்கள் இரண்டு பேர் இருக்கக் கூடாது. இலக்கியம் படிக்கும் சொரினா எங்கள் டைரக்டர். சட்டம் படிக்கும் டிபேரியு ஹீரோ. விலங்கியல் படிக்கும் இலிங்கா காட்டில் பறவைக் குரல்களைப் பதிவு செய்து பழகியவள், ஆகவே மைக்கை அவள் தலையில் கட்டினோம். கணக்குப் படிக்கும் எனக்கு கேமராவும் எடிட்டிங்கும்.

எங்கள் படம் மூன்றே நிமிடம். கோபித்துக்கொண்டு போன அப்பாவிடம் மகன் ஃபோனில் மன்னிப்புக் கேட்கிறான். ஒரே ஷாட். எங்கே தப்பு வந்தாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். மாலை ஆறு மணிக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். முதலிடம் வந்தால் ஊரின் பெரிய தியேட்டரில் போடுவார்கள்!

ஒன்பதாவது டேக்கில் டிராம். பத்தில் டிராம். பதினொன்றிலும் டிராம்.

“டிராம் போகட்டும். டிபேரியு, நீ அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி குடி” என்றாள் இலிங்கா, எதுவுமே நடக்காதது போல. சொரினாவின் காதில் புகை வராத குறை.

பன்னிரண்டாவது டேக்.

டிபேரியு பேசினான். என்னமாய்ப் பேசினான்! “நான் செஞ்சது தப்புப்பா, வீட்டுக்கு வாங்கப்பா” என்று அவன் முடித்ததும் எல்லோரும் இலிங்காவைப் பார்த்தோம். அவள் சிரித்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினாள்.

“அய்யோ, வந்துடுச்சுடா!” என்று சொரினா குதித்த குதியில் புறாக்கள் எல்லாம் பறந்தன. டிபேரியு எல்லோருக்கும் எள்ளு தூவிய வளைய ரொட்டியான கொவ்ரிகி வாங்கிவரக் கடைக்கு ஓடினான். மைக்கைத் திருப்பிக் கொடுக்க இலிங்கா போனாள்.

எடிட்டிங் அறைக்கு வந்ததும் சொரினா ஒரு தாளை நீட்டினாள். “கையெழுத்துப் போடு.”

குழு வேலையைக் கெடுத்தவர் என்று மற்ற மூன்று பேரும் எழுதிக் கொடுத்தால் அந்த ஆளுக்கு மார்க் கிடையாது. அடுத்த வருஷம் மறுபடி படிக்க வேண்டும். தாளில் இலிங்காவின் பெயர் இருந்தது. கீழே சொரினாவின் கையெழுத்தும் இருந்தது.

“பாவமில்ல?” என்றேன்.

“நாலு மணி நேரம் வெயில்ல காய வெச்சாளே, நாம பாவமில்லையா? டிபேரியுகிட்டயும் சொல்லிட்டேன். வந்து போடுவான்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போட்டுவிட்டேன்.

“சரி, படத்துல பின்னாடி லேசா டிராம் சத்தம் சேரு. நம்ம ஊரு மாதிரியே இருக்கும். அவ கெடுத்த டேக்ல நிறைய இருக்குமே, அதுக்காவது உதவட்டும்.”

முதல் டேக்கின் ஒலியைத் திறந்தேன். குருவிச் சத்தம், டிபேரியுவின் குரல், “கட்!” அவ்வளவுதான். டிராம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கெட்டுப்போன பதினோரு டேக்கையும் திறந்து பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட இல்லை.

சொரினாவின் முகம் சிவந்தது. “அடிப்பாவி! பொய்யா சொல்லியிருக்கா? போடுடா ஃபோனை அவளுக்கு!”

ஸ்பீக்கரில் போட்டேன். “இலிங்கா, ஒரு டேக்லயும் டிராமே இல்லையே?” என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“டிபேரியு அங்க இருக்கானா?”

“இல்ல. கடைக்குப் போயிருக்கான்.”

“அப்ப சொல்றேன். அவனுக்கு வாய் திக்கும். உங்களுக்குத் தெரியாது. பேசறதுக்கு ஒரு நொடி முன்னாடி மூச்சு தொண்டையில சிக்குது, அது ஹெட்போன்ல எனக்குக் கேட்டுச்சு. அடுத்த வார்த்தையில அவன் மாட்டிக்கிறதுக்குள்ள கட் சொல்லிட்டேன். நாளைக்கு கோர்ட்ல பேசப்போறவன், உங்க எல்லார் முன்னாலயும் கூசிப்போகக் கூடாதில்ல? நிறுத்தி நிறுத்தி விட்டா அவனே திக்காம பேசிடுவான்னு தெரியும். பேசிட்டான் பாத்தீங்களா! அந்தப் பதினொண்ணையும் அழிச்சிடுங்க, ப்ளீஸ்.”

ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டேன். “கட்”டுக்கு முன்னால், ஆமாம், மூச்சு சிக்கும் சின்னச் சத்தம். பதினோரு டேக்கிலும் இருந்தது. அவன் அளந்து பேசுவதை இத்தனை நாள் பந்தா என்று கிண்டல் செய்தவன் நான். வெட்கமாக இருந்தது.

சொரினா என் கையிலிருந்து மவுஸை வாங்கினாள். பதினொன்றையும் அவளே அழித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கொவ்ரிகி பொட்டலத்தோடு டிபேரியு வந்தான்.

“அந்தத் தாள்ல நானும் கையெழுத்துப் போடணும்னியே” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். “எங்க போடணும்?”

சொரினா தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

“அவ மேல என்னடா தப்பு? புகார் குடுக்கறதா இருந்தா, பதினோரு தடவையும் குறுக்க வந்தான் பாரு, அந்த டிராம் டிரைவர் மேல குடு!”